காருக்கு அடியில் கேட் பெயிண்ட்

அன்புக்கும் அதைவிட அதிகமாக என் கடுப்புக்கும் உரிய அப்பாவுக்கு,

நலம் விசாரிக்க வழியில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வெள்ளைக் கார் போய்விட்டது. நம் தெருப் பால்பாண்டி மாமா ஓட்டிக்கொண்டு போய், சமயநல்லூர் தாண்டி ஒரு புளியமரத்தில் மோதிவிட்டார். அவர் இடது கை முறிந்ததோடு தப்பித்தார். கார் தப்பிக்கவில்லை. முன்பக்கம் நசுங்கி, நம் விளாங்குடி வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது.

சாவியை எதற்குக் கொடுத்தாய் என்று அம்மாவைக் கேட்டால், "உங்கப்பா யாருக்குடா இல்லைன்னாரு?" என்கிறாள். அதுதானே நீங்கள் போட்டுவிட்டுப் போன சட்டம்? கல்யாணமா, காதுகுத்தா, பிரசவமா, கேட் பட்டறைக்காரர் கார் இருக்கிறது என்று உங்களிடம்தான் வருவார்கள். நீங்கள் போய் ஒரு வருஷமாகியும் தெரு அந்தச் சட்டத்தை மாற்றவில்லை. மகளையும் கைக்குழந்தைப் பேரனையும் வாடிப்பட்டியில் அவள் மாமியார் வீட்டில் விடுவதற்குத்தான் மாமா வண்டியை எடுத்தார். விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பும்போதுதான் இது.

என் வேலை உங்களுக்குத் தெரியும். சர்வீஸ் சென்டருக்கு அடிபட்டு வரும் வண்டியைப் பார்த்து, சரிசெய்யலாமா, பிரித்துப் பாகம் பாகமாக விற்றுவிடலாமா என்று சொல்ல வேண்டும். ஊரான் வண்டி என்றால் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்லிவிடுவேன். நம் வண்டிக்கு மட்டும் சொல்லவே விடமாட்டேன் என்கிறார்கள். உங்கள் மெக்கானிக் முருகேசன் அண்ணன் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்.

"இதெல்லாம் ஒரு அடியா தம்பி? இழுத்து, தட்டி, பெயிண்ட் அடிச்சா கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்கும்."

"நிக்கும்ணே. ஓடுமா?"

"படிச்சவய்ங்க கிட்ட இதான் தம்பி தொல்லை. எதுக்கெடுத்தாலும் ஒரு கேள்வி."

அம்மாவும் சரிசெய்யச் சொல்கிறாள். காருக்காக இல்லை, பால்பாண்டி மாமாவுக்காக. ஸ்டியரிங் தானாக இடது பக்கம் இழுத்தது என்று அன்றைக்கே அவர் சொன்னார். யாரும் நம்பவில்லை. மரத்தில் விட்டவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள் என்று நானும் விட்டுவிட்டேன். தூங்கிவிட்டார் என்று தெரு தீர்ப்பு எழுதிவிட்டது. மகளே போன் செய்து, இனிமேல் பிள்ளையை வைத்துக்கொண்டு நீங்கள் வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். கடைசியில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "ஒருவேளை கண்ணசந்துட்டேனோ மாப்ள?" என்று என்னிடம் கேட்கிறார். நான் என்ன பின்சீட்டிலா உட்கார்ந்திருந்தேன்?

கட்டுப் போட்ட கையோடு காலையில் வந்துவிடுவார். தார்ப்பாயை இழுத்துச் சரிசெய்வார். "செலவு பூராம் என்னுது மாப்ள. மச்சான் வண்டி எங்கையால போச்சுன்னு இருக்கக் கூடாது." இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

எனவே ஞாயிற்றுக்கிழமை ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் படுத்தேன். இது தேறாது என்பதற்கு நாலு காரணம் போட்டோ எடுத்துக் காட்டிவிட்டால் எல்லாரும் வாயை மூடுவார்கள் என்று நினைத்தேன். இடது முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை வண்டியின் உடம்போடு சேரும் இடம் இருக்கிறதே, அங்கே ஒரு இரும்புப் பட்டை. நம் பட்டறையில் ஜன்னலுக்கும் கேட்டுக்கும் வைப்போமே, அதே பட்டை. பற்றவைத்து, மேலே சாக்லேட் கலரில் பெயிண்ட்.

அப்பா, உலகத்தில் எந்தக் கார் கம்பெனியும் வண்டியின் அடியில் கேட் பெயிண்ட் அடிப்பதில்லை.

அந்தப் பட்டை இரண்டாக உடைந்திருந்தது. உடைந்த முனையைத் துடைத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் பழைய துரு. ஓரத்தில் ஒரு கீற்று மட்டும் புதிதாகப் பளபளத்தது. மோதிய வேகத்தில் உடைந்திருந்தால் முழுசும் பளபளத்திருக்க வேண்டும். துரு ஒரே நாளில் வராது. அது எத்தனையோ மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டுக்கொண்டே வந்து, அன்றைக்கு விட்டுவிட்டது. சக்கரம் விலகி, வண்டி இடது பக்கம் இழுத்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் மரம். மாமா சொன்னது அத்தனையும் நிஜம்.

கேட்டும் காரும் ஒன்றாப்பா? கேட் நிறுத்திய இடத்தில் நிற்கும். கார் குழியில் இறங்கி ஏற வேண்டும். தூக்கம், பயம், கல்யாணச் சீர், கைக்குழந்தை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஓட வேண்டும். இது உங்களுக்குத் தெரியாதா? தெரிந்துதான் செய்தீர்களா? எனக்கு ஒரு போன் போட்டிருந்தால் அந்தப் பாகத்தையே மாற்றியிருப்பேனே. ஏன் போடவில்லை?

அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு அந்தப் பட்டை வந்த கதை தெரிந்திருந்தது.

"அடில கடகடன்னு சத்தம் வருதுன்னாரு. மறுநாளைக்கு யாரோ கல்யாணத்துக்குக் கேட்டிருந்தாக. பட்டறையில வச்சு என்னமோ பண்ணாரு. பெறகு நல்லாப் பாத்துக்கலாம்னாரு."

"அந்தப் பெறகு வரவே இல்லம்மா. மாமாகிட்டச் சொல்லணும்."

"சொன்னா உங்கப்பா பேரு என்னத்துக்குடா ஆகும்?"

"சொல்லலைன்னா மாமா பேரு?"

"அம்புட்டுப் பேருக்கும் வண்டி குடுத்த மனுசன்டா அவரு."

"அம்புட்டுப் பேரும் அதுலதாம்மா போயிருக்காக."

அம்மா எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "இரு, நானும் வாரேன். நீ வெடுக்குனு பேசிப்புடுவ."

மாமாவை வண்டிப் பக்கம் கூட்டிவந்து, குனியச் சொல்லி, டார்ச் அடித்துக் காட்டினேன். ஒரு கையை ஊன்றி மண்டிபோட்டுப் பார்த்தார். அந்தக் கலர் யார் பட்டறைக் கலர் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் வீட்டு கேட்டும் அதுதான்.

"அப்ப நான் தூங்கலையா மாப்ள?"

"இல்ல மாமா. இழுத்துச்சுன்னு சொன்னீங்கள்ல, அதான் நடந்துச்சு."

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அது முழுசாக வருவதற்குள் மாறிவிட்டது. "அதுக்குச் சித்த முந்தி எம்பேரன் அதுல இருந்தான்டா" என்றார். உங்களை மச்சான் என்ற வார்த்தையைத் தவிர வேறு எதனாலும் குறிப்பிடாத மனிதர், வாசலில் நின்று உங்களை ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுதவில்லை. நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். எனக்கு அவரை நிறுத்தத் தோன்றவில்லை.

அம்மாதான் சொன்னாள். "நல்லா வையுங்கண்ணே. நானும் மனசுக்குள்ள அதைத்தான் பண்றேன்."

அதற்குப் பிறகுதான் அவர் அழுதார்.

மறுநாள் டீக்கடையில் மாமா, வண்டிக்கு அடியில் வெல்டிங் விட்டுவிட்டது என்று மட்டும் சொன்னார். யார் வைத்த வெல்டிங் என்று ஒருவர் கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். என்னைக் காப்பாற்றப் பார்த்தாரோ, உங்களையோ தெரியவில்லை. "எங்கப்பா வச்சது" என்றேன்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். பாதிப் பேர் நம்பவில்லை! "அவரு அப்டிப் பண்ற ஆளே கெடையாது தம்பி" என்று எனக்கே பாடம் எடுக்கிறார்கள். போனில் போட்டோவைக் காட்டினால் போட்டோவில் சந்தேகம். உங்களோடு வாழ்ந்ததைவிட உங்கள் நல்ல பெயரோடு வாழ்வது பெரும்பாடாக இருக்கிறது. முருகேசன் அண்ணன் மட்டும் சட்டையைக் கழற்றிவிட்டு அடியில் புகுந்து பார்த்துவிட்டு வந்தார். "பால்பாண்டி மேல தப்பு இல்லப்பா" என்று சத்தமாகச் சொன்னார். அதுவரைக்கும் லாபம். மாமாவின் மகளுக்குப் போட்டோவை அனுப்பினேன். அன்றைக்கே மாமாவுக்கு போன் வந்துவிட்டதாம்.

ஆக, முடிவு எடுத்தாயிற்று. பிரித்துவிடுகிறோம். எஞ்சின் நன்றாக இருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். கதவுகள், சீட், பின்பக்கக் கண்ணாடி எல்லாம் போகும். பழைய பாகம் வாங்குகிறவர் வந்து பார்த்துவிட்டு, முன்பகுதியையும் அப்படியே கேட்டார். "குடுத்துருங்க தம்பி. கிராமத்துப் பக்கம் வாங்கிக்கிருவாக. ஒரு பட்டை வச்சு ஒட்டிக்கிட்டா ஓடும்."

ஒரு பட்டை வைத்து! அவரை அடிக்காமல் விட்டது என் பெருந்தன்மை.

வியாழக்கிழமை அவர் கேஸ் கட்டரோடு வருகிறார். நான் லீவு சொல்லியிருக்கிறேன். மாமாவும் கூட நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். என் கோபம் அதோடு தீர்ந்துவிடும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று சத்தியமாகச் சொல்கிறேன் அப்பா. அந்த முன்பகுதி இரும்பு, யாராலும் எந்தப் பட்டை வைத்தும் ஒட்ட முடியாத அளவுக்குத் துண்டு துண்டாக வெட்டப்படும் வரை அந்த இடத்தைவிட்டு நகர மாட்டேன். நீங்கள் வைத்த ஒட்டு இனி எந்தப் பிள்ளைக்கும் அடியில் ஓடாது.

உங்கள் பெயரை இன்னும் இனிஷியலாகப் போட்டுக்கொள்கிற,
கோபம் ஆறாத மகன்,
த. கார்த்திக்