அப்பாவின் இடது காது

நவம்பர் 14, வெள்ளி

இன்னும் நம்ப முடியவில்லை.

அப்பாவுக்குக் காதுக் கருவி எடுக்க ஸ்காபரோவில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். பெரிய சத்தங்களுக்குப் பக்கத்தில் இருந்தவரா என்று அங்கிருந்த பெண் கேட்டாள். வழக்கம்போல நான் முந்திக்கொண்டு, யாழ்ப்பாணத்துப் போர்க்கால ஷெல்லடி என்றேன்.

அப்பா அமைதியாகத் திருத்தினார். அறுபதுகளில் கொழும்பில் ஒரு இசைக்குழுவில் பேஸ் கிற்றார் வாசித்தாராம். எல்லாம் இங்கிலாந்து ரொக் அன் ரோல். நான்கு வருடம் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றதில் இடது காது அப்போதே போய்விட்டதாம்.

என் அப்பா! கல்யாண வீட்டில்கூடக் காலால் தாளம் போடாத கணக்கு மாஸ்ரர்.

காரில் ஏறியதும், "ஏனப்பா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீ எங்க கேட்டனி? ஷெல் எண்டு நீயே முடிவெடுத்திட்டாய்."

"போன மாசம் மகளின்ர வகுப்பில போரைப் பற்றிப் பேசேக்க அதைச் சொல்லி அழுதனான். நீங்கள் முன்வரிசையில இருந்து தலையாட்டினீங்கள்!"

"எனக்கு என்ன கேட்டது? எல்லாரும் ஆட்டிச்சினம், நானும் ஆட்டினன்."

பிறகு அந்தக் காலத்துப் பாட்டு ஒன்று போடச் சொன்னார். கருவியைத் தடவிக்கொண்டு கண்ணை மூடினார். மற்றக் கை விரல்கள் சீற்பெல்ட்டில் கிற்றார் நரம்பு தேடின. இருபது வருடமாக நான் நினைத்து அழுத காது அது.

பாட்டு முடிந்ததும் சொன்னார்: "அந்தக் காலத்துக்குத் திரும்ப விட்டாலும் அதே ஸ்பீக்கருக்குப் பக்கத்திலதான் நிப்பன், பிள்ளை."

மகளிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த வகுப்புப் பிள்ளைகள் எனக்கு எழுதிய ஆறுதல் கடிதங்கள் மேசையிலேயே இருக்கின்றன.