எறும்புப் பவுடரும் உங்கள் பொய்யும்

அக்கா,

இன்று காலை கீழ்வீட்டுப் பெண் அவள் நாய்க்கு உண்ணிப் பவுடர் வாங்கி வந்தாள். டப்பாவைத் திறந்ததும் அந்த நெடி. “நக்காம பாத்துக்கம்மா” என்று நான் போட்ட சத்தத்தில் நாயைவிட அவள்தான் பயந்துபோனாள். உங்களிடம் பேச வேண்டும்போல் இருந்தது. நீங்களோ போய்ச் சேர்ந்து ஒரு மாதமாகிறது.

அறுபதுகளின் கடைசியில், கடத்தூர்ப் பக்கம் நம் மாமனார் வீட்டுக்கு நான் சின்ன மருமகளாக வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நீங்கள் மூத்த மருமகள். மாமனாருக்கு அவர் நாய் ஜிம்மி என்றால் உயிர். களியில் முதல் விள்ளலை அதற்குப் போட்ட பிறகுதான் தன் வாயில் வைப்பார். அதன் காதெல்லாம் உண்ணி. அவரிடம் நல்ல பெயர் வாங்கலாம் என்று, எறும்புக்குத் தூவும் பவுடரை எடுத்து அதன் உடம்பு முழுக்க அப்பிவிட்டேன். பெரிய புத்திசாலி நான். நாய் தன் உடம்பை நக்குமே என்பது தோன்றவில்லை.

மத்தியானம் அது நுரை தள்ளிக்கொண்டு கை கால் வெட்டி இழுத்தது. அக்கம்பக்கத்தார் புளித்தண்ணீரும் விளக்கெண்ணெயுமாக ஓடி வந்தார்கள். நீங்கள்தான் தடுத்தீர்கள்.

“வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க, மூச்சடைச்சிரும். வெசம் இன்னும் மேலயே இருக்குது, மொதல்ல அதக் கழுவுங்க.”

குடம் குடமாக ஊற்றி, துணி சோப்பைப் போட்டுத் தேய்த்தீர்கள். மாட்டாஸ்பத்திரிக்குப் போக வண்டி கட்டி முடிப்பதற்குள் உங்கள் மடியிலேயே அதன் உயிர் அடங்கிவிட்டது.

தோட்டத்திலிருந்து வந்த மாமனார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “பவுடர யாரு போட்டது?”

நான் வாய் திறக்குமுன் “நாந்தாங்க மாமா” என்றீர்கள். பிறகு என்னிடம் சொன்னீர்கள்: “நீ புதுசா வந்தவ. உன்னச் சொன்னா ஊரே பேசும். என்னை ரெண்டு நாள் திட்டிட்டு மறந்துருவாரு.”

அவர் மறக்கவில்லை. அன்றிலிருந்து உங்கள் கையால் சோறோ தண்ணீரோ வாங்கவில்லை. “சின்னவ கொண்டாரட்டும்” என்பார். நானும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாதா கோயிலில் சாமியாரிடம் இந்தப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். “அத வூட்ல போயிச் சொல்லும்மா” என்றார். வந்து உங்களிடம் சொன்னால், “அந்தப் பேச்ச எடுத்தீன்னா தெரியும் சேதி” என்று மிரட்டினீர்கள். நீங்கள் மிரட்டியதால்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று பல வருசம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். நிஜம் என்னவென்றால், மாமனார் என்மேல் வைத்த பிரியத்தை இழக்க எனக்கு மனமில்லை.

எழுபதுகளில் அவர் படுத்த படுக்கையானார். பீ மூத்திரம் அள்ளியது நீங்கள். கடைசி நாளில் தண்ணீர் கேட்டார். நீங்கள் டம்ளரை நீட்டினீர்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டார். டம்ளரை என் கையில் கொடுத்தீர்கள். நான் ஊற்றினேன், குடித்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் நீங்கள் அழுததைப் பார்த்தேன். “உடு, குடிச்சாரில்ல, அது போதும்” என்றீர்கள்.

எனக்குப் போதவில்லை, அக்கா. உங்களை அடக்கம் செய்த அன்று, சொந்தபந்தம் எல்லோரும் இருக்கும்போது எழுந்து நின்று, அந்த நாயைக் கொன்றது நான்தான், அக்கா இல்லை என்று உரக்கச் சொன்னேன். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாமனாரை அறிந்தவர்கள்கூட அங்கே மிச்சமில்லை. உங்கள் பேத்திதான் பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“எந்த நாயிங்க ஆயா?”