ஜன்னல் வைத்த பத்திரிகை

அன்புள்ள பெரியவளுக்கு,

இந்த ராத்திரி நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே, பகலெல்லாம் ஆய்வுக்கூடத்தில் ஊராரின் ரத்தப் பரிசோதனை முடிவுகளை உறையில் போட்டு ஒட்டுவதற்கே கை சரியாக இருக்கிறது, வீட்டில் சின்னவள் விழித்திருக்கும்போது இந்தக் கடிதத்தை எழுத முடியாது. இங்கே மூவரும் நலம், அப்பாவுக்கு மட்டும் படி ஏறும்போது முழங்கால் வலி வருகிறதாம், இறங்கும்போது போய்விடுகிறதாம். நீ நலம் என்று போன கடிதத்தில் இரண்டு தடவை எழுதியிருந்தாய், ஒரு தடவை எழுதியிருந்தால் நம்பியிருப்பேன்.

சின்னவளுக்கு வரும் மாதப் பத்திரிகையால் வீட்டில் ஒரு சங்கடம் வந்திருக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. முதலில் வாங்கியதில் கதையைவிட ஒட்டுப்படம் அதிகம், அடுத்ததில் ஒவ்வொரு கதைக்கும் கீழே நீதி என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள், இவள் கட்டத்தை மட்டும் படித்துவிட்டு, கதை தெரிஞ்சுபோச்சும்மா என்று மூடி வைத்துவிட்டாள். மூன்றாவதுதான் இது. கண் கூசாத தாள், பெரிய எழுத்து, விளம்பரம் இரண்டே பக்கம், புதிருக்கு விடை அடுத்த மாதம்தான் வரும், குழந்தைகள் கடிதம் போட்டால் ஆசிரியர் கைப்பட பதில் எழுதுவார். வந்ததும் முகர்ந்து பார்ப்பாள், பிறகு கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குவாள். சாப்பிட்டபின் இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு படிப்போம், கைப்பேசிக்குள் அப்படி இரண்டு தலை நுழையாது. ஆனால் பத்திரிகை என் ஆபீஸ் முகவரிக்குத்தான் வரும். மதிய இடைவேளையில் முதலில் நான் படித்துவிடுவேன், பயமுறுத்துகிற இடமோ அழவைக்கிற இடமோ இருந்தால், இழுப்பறையில் இருக்கும் கத்தரிக்கோலால் அதை மட்டும் அளவாக வெட்டி எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டு வருவேன். இது உன்னால் வந்த பழக்கம். உனக்கு ஆறு வயதிருக்கும்போது, நாய்க்குட்டி ஒன்று கிணற்றில் விழுந்த கதையைப் படித்துவிட்டு நான்கு ராத்திரி என் கையை விடாமல் விழித்துக் கிடந்தாய். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது, படித்த படிப்பு எதுவும் அந்த நான்கு ராத்திரிக்கு உதவவில்லை.

போன மாதம் ஒரு கதையில் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராமலே இருந்தாள். வெட்டிவிட்டேன். பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நான் எப்போதுமே பார்த்ததில்லை, அங்கே சரக்கு ரயிலில் ஒளிந்துகொண்டு போன பெண்ணின் தொடர்கதை முடிகிறது, மூன்று மாதமாகச் சின்னவள் காத்திருந்த முடிவு. அச்சகத்தில் அப்படி ஆகிவிட்டது என்று சொல்லி வைத்தேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா, உங்க புத்தகத்துல அடிக்கடி ஓட்டை விழுது, மிஷினைச் சரி பண்ணுங்க என்று ஆசிரியருக்கு எழுதி, வீட்டு முகவரியைப் போட்டுத் தானே தபாலில் சேர்த்துவிட்டாள். வியாழக்கிழமை பதில் வந்தது, கூடவே முழுப் பிரதி ஒன்று. எங்கள் மிஷின் நன்றாகத்தான் ஓடுகிறது கண்ணு, வீட்டில் விசாரித்துப் பார் என்று எழுதியிருந்தார். இரண்டு பிரதிகளையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டைக்குள் விரலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா அதை வாங்கி, அந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்து, இதுக்கு ஜன்னல் வச்சது எந்தக் கொத்தனாரு என்று கேட்டார். அவள் சிரிக்கவில்லை. அக்காவுக்கும் இப்படித்தான் குடுத்தியா என்றாள். ஆமாம் என்றேன். அக்கா கண்டுபிடிச்சாளா என்றாள். தெரியாது என்றேன். அக்காகிட்ட கேளு, அவ என்ன சொல்றான்னு பாத்துட்டு உன்கூட படிக்கிறதா வேண்டாமான்னு சொல்றேன் என்று இரண்டு பிரதிகளையும் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து தனியாகத்தான் படிக்கிறாள்.

நேற்று அலமாரி மேலிருந்த உன் பழைய கட்டுகளை இறக்கிப் பார்த்தேன். பதினேழு இதழ்களில் ஓட்டை இருக்கிறது, பதினேழிலும் பின்னால் நோட்டுத்தாள் ஒட்டியிருக்கிறாய், போன வரிகளை நீயே எழுதி நிரப்பியிருக்கிறாய். ஒன்றில் ராஜா செத்தே போகிறான், நான் வெட்டியதைவிட மோசமாக. எட்டு வயதில் உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சின்னவள் கேட்டுவிட்டாள், அதற்கு அவளைப் பாராட்ட வேண்டும் போல் இருக்கிறது. நான் யோசித்தது உன்னைப் பற்றி. இரண்டு மாதத்தில் இரண்டாவது தடவை அறை மாற்றியிருக்கிறாய், புது அறையில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய், பழைய அறையை ஏன் விட்டாய் என்று ஒரு வரி இல்லை. வெட்டிய இடம் எனக்குத் தெரியாமலா போகும், வெட்டுகிறவள் நான்தானே.

வேளைக்குச் சாப்பிடு, கைப்பேசியை வைத்துக்கொண்டு சாப்பிடாதே, அங்கே நல்ல பத்திரிகை ஏதாவது கிடைத்தால் ஒன்று வாங்கிப் படி. கத்தரிக்கோலை ஆபீஸிலேயே விட்டுவிட்டேன், உறை வெட்ட ஆகும். அடுத்த மாத இதழ் வீட்டு முகவரிக்கே வரும். உன் கட்டுகளில் பார்த்ததைச் சின்னவளிடம் நான் சொல்லவில்லை, அவள் கேட்டதற்கு நீயே எழுது, எனக்காகக் கொஞ்சம் பார்த்து எழுது. எனக்கு எழுதுவதை மட்டும் அப்படிப் பார்த்துப் பார்த்து எழுதாதே. நான்கு ராத்திரி தூங்காமல் இருக்க என்னால் முடியும், முன்பே இருந்திருக்கிறேன். நன்றாக இரு, உடம்பும் மனதும் தெம்பாக இரு. சீக்கிரம் பதில் போடு.

அன்புடன்,
அம்மா