இரண்டு பூங்காக்களும் ஒரு கோப்பைக் காபியும்

இர்பித்,
ஜூன் 4, சனிக்கிழமை

என் மூக்குக்கண்ணாடிச் சாம்ராஜ்யத்தின் இளவரசி, அண்ணன் மகள் லுஜைனுக்கு,

சித்தப்பா ஸுஹைர் கடைக் கவுண்டருக்குப் பின்னாலிருந்து எழுதுவது. நான் நலம். நீயும் தம்பி கினானும் நலமாக இருப்பீர்கள். அண்ணியும் நலம்தான், போன வாரம் உன் அம்மா என்னைத் திட்டியபோது குரலில் ஒரு குறையும் தெரியவில்லை. பக்கத்துக் கூரையில் மூன்று புறாக்கள் மயங்கி விழுந்தன.

அவர் என் எண்ணைத் தன் போனிலும் உன் போனிலும் பிளாக் செய்துவிட்டதால், வரலாற்றில் முதல்முறையாக எரிவாயு வண்டி வழியாகத் தபால் அனுப்புகிறேன். அபூ மிஸ்பாஹ் சனியும் செவ்வாயும் உங்கள் தெருவுக்கு சிலிண்டர் கொண்டுவருகிறார். வண்டியின் பாட்டுச் சத்தம் கேட்டதும் நீ கீழே இறங்கினால் போதும். "லவ் லெட்டரா?" என்று கேட்டார். "அதைவிட ஆபத்து, குடும்ப விவகாரம்" என்றேன். பயபக்தியோடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். கோடை விடுமுறைக்கு அபுதாபியா, இஸ்தான்புல்லா? இதில் யோசிக்க என்ன இருக்கிறது, மகளே?

அபுதாபி கேளிக்கைப் பூங்கா முழுக்கக் கூரைக்கு அடியில். வெளியே வெயில் தாரை உருக்கும். உள்ளே பென்குயின் வந்தாலும் ஸ்வெட்டர் கேட்கும். அங்கே ஒரு ரோலர் கோஸ்டர் இருக்கிறது. நம் ஸல்ட் ஊர்க்காரர் ஒருவர் கறுப்பு மீசையோடு ஏறினார், மீசையில்லாமல் இறங்கினார். அந்த மீசை மூன்றாவது வளைவில் இன்னமும் தனியாகச் சுற்றுகிறதாம். உன் அப்பாவும் நானும் போனபோது அவர் அதில் எழுபது முறை ஏறினார். எண்ணியவன் நான்.

இஸ்தான்புல் பூங்காவில் என்ன இருக்கிறது? வரிசை. அந்த வரிசையில் நிற்கும்போதே கல்யாணம் நடக்கிறது, பிள்ளை பிறக்கிறது, அந்தப் பிள்ளைக்கு மீசை முளைக்கிறது. அதில் போய் நின்றவர் யாரும் திரும்பி வந்ததாகத் தகவல் இல்லை.

ஆகவே முடிவு: ஜூலையில் உன்னையும் கினானையும் நானும் ரீமா சித்தியும் அபுதாபிக்கு அழைத்துப்போகிறோம். அண்ணி பாவம், வீட்டில் ஓய்வெடுக்கட்டும்.

வடக்கு ஜோர்டானின் எல்லாக் கண்களுக்கும் பொறுப்பாளரான,
ஸுஹைர் சித்தப்பா

*

ஜூன் 7, செவ்வாய்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

லுஜைன் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைக் குளியலறையில் உட்கார்ந்து படித்தேன். மீசை வந்த இடத்தில் சிரித்துவிட்டேன். கடைசியில், அம்மா வீட்டில் ஓய்வெடுக்கட்டும் என்ற இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்குப் பதின்மூன்று வயதாகிறது. நீங்கள் உண்மையில் எழுதியது ரோலர் கோஸ்டரைப் பற்றி இல்லை என்று எனக்குத் தெரியும்.

கினான் வாய் சும்மா இருக்காது என்பதால்தான் எல்லாம் கெட்டது. அன்றைக்கு உங்கள் கடையில் வைத்து, "அங்க எங்க புது ஸ்கூல்லேருந்து பார்க்குக்கு நடந்தே போலாம்!" என்று சொல்லிவிட்டான். உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஆமாம், இஸ்தான்புல்லில் ஓர் அரபுப் பள்ளியில் அம்மாவுக்கு ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. பெரியம்மாவும் அங்கேதான் இருக்கிறார். முதலில் விடுமுறைக்குப் போய்ப் பார்ப்போம், பிடித்தால் தங்குவோம் என்று அம்மா சொன்னார். உங்களிடம் மறைத்தது தப்புதான். சொல்லியிருந்தால் விட்டிருப்பீர்களா?

அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. நீதிமன்றத் தாளில் எங்களுக்குப் பாதுகாவலர் நீங்கள். உங்கள் கையெழுத்து இல்லாமல் நானும் கினானும் விமானம் ஏற முடியாது. எங்களை விட்டு அம்மா போகமாட்டார். அதனால் இது இரண்டு பூங்கா விஷயம் இல்லை, ஒரு கையெழுத்து விஷயம். பள்ளிக்காரர்கள் 23ஆம் தேதி வியாழனுக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள்.

அம்மா இங்கே எப்படி இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. மாடிப்படியில் எதிரே வருகிறவர்கள் எல்லாம், "எங்க போற? யாரு கூட? சாயங்காலம் திரும்பிருவியா?" என்று கேட்கிறார்கள். ரொட்டி வாங்கப் போனாலும் கேட்கிறார்கள்.

கையெழுத்துப் போடுங்கள், சித்தப்பா.

உங்கள்,
லுஜைன்

பின்குறிப்பு: அப்பா எழுபது முறை ஏறியதாக எழுதியிருக்கிறீர்கள். ரமலானில் சொன்னபோது நாற்பது. உண்மையில் எத்தனை?

*

இர்பித்,
ஜூன் 11, சனிக்கிழமை

மாண்புமிகு வழக்கறிஞர் லுஜைன் அம்மையாருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்து முடித்ததும் கடையில் இருந்த எல்லாக் கண்ணாடிகளிலும் பனி படர்ந்துவிட்டது. வாடிக்கையாளர்கள் சுவரில் முட்டிக்கொண்டு வெளியே போனார்கள்.

மகளே, கையெழுத்து என்றால் பேனாவை எடுத்து ஒரு கிறுக்கல் என்று நினைக்கிறாயா? நேற்று நம் குடும்ப மண்டபத்தில் பெரியவர்கள் கூடினார்கள். கினான் வாய் கடையோடு நிற்கவில்லை, மண்டபம் வரைக்கும் எட்டிவிட்டது. எல்லோருக்கும் மூத்தவரான ஹாஜி தௌகான் கைத்தடியைத் தரையில் ஓங்கித் தட்டினார். பூமி அதிர்ந்து சிரியா எல்லைவரை ஆலிவ் உதிர்ந்தது.

"ஏண்டா ஸுஹைர், செத்துப்போனவன் பிள்ளைங்கள அந்நிய ஊருக்கு அனுப்பப்போறியாமே? நாளைக்கு அந்தப் பையனுக்கு நம்ம பேராவது ஞாபகம் இருக்குமாடா?"

"விடுமுறைக்குத்தான் ஹாஜி, ராட்டினம் சுத்த…"

"ராட்டினமா? உன் தலையத்தான் சுத்தப்போறாங்க. நீ கையெழுத்துப் போட்டேன்னா இந்த மண்டபத்துப் படி ஏறாத."

முப்பது பேர் என்னையே பார்த்தார்கள். அதில் பத்தொன்பது பேர் போட்டிருந்தது என் கடைக் கண்ணாடி. என் கண்ணாடி வழியாகவே என்னை முறைத்தார்கள்!

உன் அம்மா எனக்கு எதிரி இல்லை. நான் என்ன செய்வது? அண்ணன் விட்டுப்போனது உங்கள் இருவரைத்தான். போகிறவர்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். இங்கே நிற்பவனிடம் யாராவது கேட்டார்களா?

அபுதாபிக்கு டிக்கெட் பார்த்தாயிற்று. ஜன்னல் இருக்கை உனக்கு. இஸ்தான்புல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், முறைப்படி ஜாஹாவோடு, பெரியவர்களின் தூதோடு வா. தாடி நரைத்த நாற்பது பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து என் வரவேற்பறையில் உட்கார். நான் காபி வைப்பேன். கேட்டது கிடைக்கும்வரை தொடமாட்டோம் என்று சொல்லுங்கள். அப்புறம் யோசிக்கிறேன்.

முற்றுகையில் இருக்கும்,
ஸுஹைர் சித்தப்பா

*

ஜூன் 14, செவ்வாய்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நீங்கள் பத்தொன்பது கண்ணாடி எண்ணினீர்கள். அப்பா எத்தனை முறை ஏறினார் என்ற கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. மிகைப்படுத்தாமல் ஒரே ஒரு விஷயம் உங்களால் எழுத முடியுமா? நான் பிறந்ததிலிருந்து உங்கள் வாயிலிருந்து அப்படி ஒன்றைக்கூடக் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் உங்கள் வீட்டுக்கு வருகிறோம். ரீமா சித்தியிடம் சொல்லிவையுங்கள்.

லுஜைன்

*

இர்பித்,
ஜூன் 18, சனிக்கிழமை

லுஜைனுக்கு,

நேற்று என் வீட்டில் நடந்தது இந்த நாட்டில் இதுவரை நடக்காதது. நாற்பது பெரியவர்களைக் கேட்டேன். வந்தது இரண்டு பேர். ஒருத்திக்குப் பதின்மூன்று வயது. இன்னொருவனுக்கு ஏழு வயது, முன்பல் இரண்டு இல்லை, கழுத்தில் என் அண்ணனுடைய டை முழங்கால் வரை தொங்குகிறது.

சோபாவின் நடுவில், பெரியவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாய். சித்தி காபி வைத்தாள். நீ கோப்பையை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "சித்தப்பா, நாங்க கேட்டு வந்தது கிடைக்கற வரைக்கும் இதத் தொடமாட்டோம்" என்றாய்.

நான் என்னென்ன வேடிக்கை காட்டினேன்! தாடியைத் தடவினேன், ஹாஜி மாதிரி இருமினேன். நீ சிரிக்கவில்லை. கினான் மட்டும் மாமூல் என்கிற பேரீச்சம்பழ பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஒன்றை எடுத்து வாயில் போட்டான். நீ காலால் இடித்தாய். "இது காபி இல்லியே!" என்றான் வாய் நிறைய மாவோடு. அப்போதாவது நீ சிரிப்பாய் என்று பார்த்தேன். எழுந்தாய், தம்பி கையைப் பிடித்தாய், போய்விட்டாய்.

நான்கு தலைமுறையாக நம் வீட்டில் விருந்தாளி காபியை வைத்துவிட்டுப் போனதில்லை. சித்தி அந்தக் கோப்பையைக் கழுவமாட்டேன் என்கிறாள். "நான் ஏன் கழுவணும்? நீங்க பதில் சொல்லுங்க, அப்புறம் கழுவறேன்" என்கிறாள். சொந்த வீட்டில் எனக்குச் சாப்பாடு வருகிறது, பேச்சு வரவில்லை.

இதெல்லாம் உன் அம்மா சொல்லிக்கொடுத்ததா? அப்படியென்றால் பிள்ளைகளை அனுப்பாமல் அவரே வந்திருக்கலாம்.

இதுதான் என் கடைசிப் பேச்சு. இஸ்தான்புல்லுக்கு ஏழு நாள். நானும் கூட வருவேன். திரும்பி வரும் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டுகளும் என் பையில் இருக்கும். பூங்காவைப் பார்ப்போம், திரும்புவோம். இதற்குச் சம்மதம் என்றால் உன் காபியைக் குடிக்க வா.

ஸுஹைர்

*

ஜூன் 21, செவ்வாய்

சித்தப்பா,

அம்மாவுக்கு எதுவுமே தெரியாது. உங்கள் கடிதங்களும் தெரியாது, நாங்கள் வந்ததும் தெரியாது. கினானின் சட்டையில் சர்க்கரைத் தூள் பார்த்து, "எங்கடா போனே?" என்று கேட்டார். அவன் முதல்முறையாக வாயைத் திறக்கவில்லை.

வேலை வேண்டாம் என்று அந்தப் பள்ளிக்கு அம்மா கடிதம் எழுதிவிட்டார். நாளை மறுநாள் அனுப்புவார். மேசைமேல் இருக்கிறது, நான் படித்தேன். "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று எழுதியிருக்கிறார். உங்கள் பெயரை எழுதவில்லை.

உங்கள் பையில் பாஸ்போர்ட் இருந்தால் அது விடுமுறை இல்லை. எனக்கு எந்தப் பூங்காவும் வேண்டாம். இனி அபூ மிஸ்பாஹிடம் கடிதம் கொடுக்காதீர்கள், நான் கீழே இறங்கமாட்டேன்.

எத்தனை முறை என்று கேட்டேன். நீங்கள் சொல்லவே இல்லை.

லுஜைன்

*

இர்பித்,
ஜூன் 22, புதன்

அன்பு மகள் லுஜைனுக்கு,

மூன்று முறை.

உன் அப்பா அந்த ரோலர் கோஸ்டரில் மூன்று முறை ஏறினார். மூன்றாவது முறை இறங்கியதும் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்து வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் ஒருமுறைகூட ஏறவில்லை. எனக்குப் பயம். "பைகளை யார் பார்த்துக்கொள்வது?" என்று சொல்லி வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவருடைய மூக்குக்கண்ணாடி, போன், பர்ஸ், ஆரஞ்சு ஜூஸ் எல்லாம் என் மடியில். ஒவ்வொரு முறையும், "டேய், வாடா, பையை எவனும் தூக்கிட்டுப் போகமாட்டான்" என்று கூப்பிட்டார். நான் போகவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் என் பெஞ்சுக்குத் திரும்பி வந்தார். நான் உட்கார்ந்திருந்தால் அவர் வந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வருடமாக அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பையைப் பார்த்துக்கொள்கிறவன், ஏறப்போகிறவர்களின் சட்டையைப் பிடித்து இழுக்கக் கூடாது. மூன்று வாரமாக நான் அதைத்தான் செய்தேன். உன் அம்மா சொல்லிக்கொடுத்ததா என்று எழுதிய அந்த வரிக்காக வெட்கப்படுகிறேன்.

இன்று காலை நீதிமன்றத்துக்குப் போனேன். எழுத்தர் படிவத்தை நிரப்பினார். திரும்பும் தேதி என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன தேதி போட?"

"ஒண்ணும் போட வேணாம்."

"சும்மா விட்டா திரும்பி வரமாட்டாங்க ஐயா. எத்தனை பேரப் பார்த்திருக்கேன்."

"தெரியும்" என்றேன்.

கையெழுத்துப் போட்டேன். தாள் இந்த உறைக்குள் இருக்கிறது. ஹாஜி தௌகானிடம் இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சொல்வேன். அவரிடமும் எனக்குப் பயம்தான்.

இஸ்தான்புல் பூங்காவில் கினானை அளவுகோலில் நிறுத்துவார்கள். குட்டை என்று விடமாட்டார்கள். அழுவான். அந்த நேரத்தில் நீ மட்டும் ஏறாதே, அவனோடு பெஞ்சில் உட்கார். அடுத்த வருடம் இரண்டு பேருமாக ஏறுங்கள்.

இதை அபூ மிஸ்பாஹ் கொண்டுவரவில்லை. நீ இதைப் படிக்கும்போது, உங்கள் வீட்டு மணியை அடித்து, கதவுக்கு அடியில் நானே தள்ளிவிட்டுக் கீழே வந்திருப்பேன். வாசலில் நிற்பேன். கையில் சித்தி கொடுத்த பிளாஸ்க் இருக்கிறது, கோப்பை நான்கு இருக்கிறது. அம்மாவிடம் இந்தத் தாளைக் காட்டு. அவருக்கு என்னைப் பார்க்க விருப்பமில்லை என்றால் நீயும் தம்பியும் மட்டும் இறங்கி வாருங்கள்.

சூடாக இருக்கிறது. உன் காபியைக் குடி, மகளே.

உன் சித்தப்பா,
ஸுஹைர்