ஜெபமலரின் வயிற்றில் இருந்தது

திருவனந்தபுரம்

அன்பு மகன் சுபினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நாங்கள் எழுந்து நடமாடுகிறோம், நீயும் மஸ்கட் வெயிலில் சுகமாக இருக்கத் தினமும் கேட்டுக்கொள்கிறேன். போனில் சொன்னால் கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். உன் தங்கை ஜெபமலருக்கு ஆபரேஷன் நடந்தது, முடியும்வரை உன்னிடம் சொல்லக்கூடாது என்று அவள்தான் என்னைத் தடுத்தாள்.

ஓணம் லீவுக்கு ஹாஸ்டலிலிருந்து வந்தபோதே அவள் வயிறு வீங்கியிருந்தது. பக்கத்துக் கிளினிக் டாக்டர் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொன்னார், அதில் கர்ப்பம் என்று வந்தது. பிள்ளை தலையில் அடித்துக்கொண்டு இல்லை என்றாள். நான் நம்பினேன், அப்பாவும் நம்பினார். கூட வந்த உன் பொன்னம்மை அத்தை மட்டும் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு, "ஆருட்டி அந்தப் பய, சொல்லு, நாள் கூடுனா கலைக்கவும் முடியாது" என்று அவள் கையைப் பிடித்து முறுக்கினாள். ஸ்கேன் எடுப்பதற்குள் தெரு முழுக்கப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எங்கள் பெஞ்சில் ஒருத்தரும் உட்காரவில்லை.

ஸ்கேனில் குழந்தை இல்லை, இடது சினைப்பையில் தேங்காய் அளவுக்குக் கட்டி. புற்றுநோய். சின்ன வயதுப் பெண்களுக்கு அபூர்வமாக வருவது, கர்ப்பத்தில் சுரப்பதைச் சில சமயம் அந்தக் கட்டியும் சுரக்கும், அதுதான் பரிசோதனையை ஏமாற்றியது என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா விளக்கினார். வயிற்றுச் சவ்விலும் கொஞ்சம் பரவியிருந்தது. கட்டியோடு அந்தச் சினைப்பையை எடுத்தார்கள், மற்றதும் கர்ப்பப்பையும் பத்திரமாக இருக்கின்றன. இப்போது கீமோ நடக்கிறது, முடி கொட்டிவிட்டது, ஆனால் இந்த வகை பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்படும் என்கிறார், ரத்தப் பரிசோதனையும் நல்லபடியாக வருகிறது.

நேற்று அத்தை சர்ச் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஆப்பிளோடு வந்தாள். "அன்னைக்கே எனக்கு மனசுல பட்டது மைனி, பிள்ளைக்கு சுகமில்லன்னு" என்று கூசாமல் சொன்னாள். பிறகு என் காதருகில், இது பகருமா என்று கேட்டு, ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்தில் காப்பியைத் தொடாமலே வைத்தாள். ஜெபமலர் மொட்டைத் தலையோடு வந்து எதிரில் உட்கார்ந்து, "அத்தே, அன்னைக்குக் கதவச் சாத்திட்டுக் கேட்டியல்லா, அத இப்போ இவிய முன்னால கேளுங்க" என்றாள். அத்தை, ஜெபம் பண்ணலாம் என்றாள். "முதல்ல கேளுங்க, பெறவு பண்ணலாம்" என்றாள் இவள். எழுந்து போனார்கள். அப்பா அந்த ஆப்பிளை வாசல்வரை கொண்டுபோய் அத்தையின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். கூடப்பிறந்தவளிடம் அவர் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

வேளைக்குச் சாப்பிடு, கர்த்தர் உன்னைக் கண்மணிபோல் காக்கட்டும். தங்கையிடம் பேசும்போது பாவம் பாவம் என்று இழுக்காதே, அவளுக்குப் பிடிக்கவில்லை. அத்தை உனக்குப் போன் போட்டு அழுவாள். எடுக்காதே.

உன் அம்மா
ஜெயபாய்