நாலு போல்ட்

ஜனவரி 8

அம்மாவுக்கு,

போன் பண்ணா "வகுப்புல இருக்கேன்"னு வெச்சிடுறே. ஞாயித்துக்கிழமைகூடவா வகுப்பு? அதான் லெட்டர்.

உன் காலேஜைப் பாதியில விட்டதுக்கு மன்னிப்புக் கேக்க எழுதல. பம்பு ரிப்பேர் பட்டறையில நல்லாத்தான் இருக்கேன். முதலாளி சுவத்துல என்ன ஒட்டியிருக்காரு தெரியுமா? உன் அட்டவணை. பம்பைத் தரையோட பிடிச்சிருக்கிற நாலு போல்ட்டையும் ரெண்டாயிரம் மணி நேரத்துக்கு ஒரு தடவை முடுக்கினா போதும்னு நீ எழுதினது. "பேராசிரியரம்மா சொல்லிட்டாங்க, அப்பீலே கிடையாது"ங்கிறாரு. நான் உன் பொண்ணுன்னு சொல்லிக்கல.

ஆனா முந்நூறு மணி நேரத்துலயே லூசாகுதும்மா. போன வாரம் ஒரு பம்பு நகந்து ஃபிட்டர் அண்ணன் கால் விரலை நசுக்கிடுச்சு. அட்டவணையைக் கிழிச்சிடவா?

துறுதுறு


ஜனவரி 19

அன்புள்ள துறுதுறுவுக்கு,

பத்து மாதம் கழித்து ஒரு கடிதம், அதுவும் குற்றப்பத்திரிகை. இருக்கட்டும். ஃபிட்டரின் விரல் எப்படி இருக்கிறது? அதை முதலில் எழுது.

வாஷர் புதியதா? அளவு காட்டும் ஸ்பானரால் முடுக்கினீர்களா, கைப்பழக்கத்திலா? எங்கள் ஆய்வகத்தில் அதே பம்பு மூன்று மாதம் நிற்காமல் ஓடியது. தினமும் போல்ட்டுகளின் இறுக்கத்தை அளவெடுத்தவளே நீதான். ஒரு போல்ட்டும் தளரவில்லை என்று பதிவேட்டில் உன் கையெழுத்து இருக்கிறது.

மார்ச்சில் என் புத்தகம் அச்சுக்குப் போகிறது. முப்பத்தொரு வருட வேலை. அந்த அட்டவணைதான் அதன் முதுகெலும்பு. ஆகஸ்டில் ஓய்வு பெறுகிறேன். யோசித்து எழுது. வேளைக்குச் சாப்பிடு.

அம்மா


ஜனவரி 27

அம்மா,

விரல் தேறிடுச்சு, நகம்தான் போச்சு. வாஷர் புதுசு. அளவு ஸ்பானர்தான். எங்க மேல தப்பில்ல.

தப்பு என் மேல. அந்த மூணு மாசம் நான் சும்மாவா இருந்தேன்? தினம் காலையில அளவு எடுக்குறதுக்கு முன்னாடி நாலு போல்ட்டையும் ஸ்பானர் போட்டு ஒரு முடுக்கு முடுக்குவேன். யாரும் சொல்லல. கை சும்மா இருக்காதுன்னு உனக்கே தெரியும். வீட்டுல குழாய் சொட்டினா மூடுவோம்ல, அப்படித்தான் நெனச்சேன். அதையெல்லாம் எழுதணும்னே தோணல. உன் லெட்டரைப் படிக்கும்போதுதான் உறைச்சுது.

புத்தகத்தை நிறுத்து. என் பேரைச் சொல்லியே நிறுத்து.

துறுதுறு


பிப்ரவரி 12

அம்மா,

ரெண்டு வாரமாச்சு, பதிலே இல்ல. திட்டியாவது எழுது.

முதலாளிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அட்டவணையை எடுத்தாச்சு. உன் பொண்ணுன்னும் சொன்னேன். "அதான் இந்த வாயா"ன்னாரு.

துறுதுறு


பிப்ரவரி 20

அன்பு மகளுக்கு,

கோபம் வந்தது. இரண்டு நாள் உன் கடிதத்தைத் திரும்பத் தொடவே இல்லை. பிறகு ஆய்வக அலமாரியிலிருந்து அந்த நான்கு போல்ட்டுகளையும் எடுத்துப் பார்த்தேன். தலையின் விளிம்பெல்லாம் ஸ்பானர் பட்டுத் தேய்ந்திருந்தது. பதிவேட்டில் மூன்று மாதமும் ஏறக்குறைய ஒரே எண். எந்த இயந்திரமும் அத்தனை ஒழுக்கமாக ஓடாது. வேறு மாணவர் எழுதியிருந்தால் கூப்பிட்டு உலுக்கியிருப்பேன். நீ எழுதியதால், 'பரவாயில்லை, பெண் ஒரு நிலைக்கு வந்துவிட்டாள்' என்று சந்தோஷப்பட்டேன். அம்மாவாகப் படித்துவிட்டேன், பேராசிரியராகப் படிக்கவில்லை.

புத்தகத்தை நிறுத்திவிட்டேன். அந்த அட்டவணை முதலில் வெளிவந்த கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்கும் எழுதிவிட்டேன். காரணம்: மேற்பார்வையில் பிழை. மேற்பார்வை என்னுடையது, அதனால் என் பெயர் மட்டும்தான். துறைத்தலைவர் "ரிட்டயர் ஆகுற நேரத்துல எதுக்கு மேடம் வம்பு?" என்றார். ஆய்வகச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கிறது. சோதனைக்கு மூன்று போதும். மார்ச் முதல் தேதி இங்கே ஒரு பம்பு ஓடும். அங்கே ஒன்றை நீ ஓட்டு. சுற்றிலும் தடுப்புக் கட்டு. தினமும் காலை எட்டு மணிக்கு அளவு எடு. போனில் சொல், எடுப்பேன். வாரம் ஒருமுறை உன் கையெழுத்தோடு தபாலிலும் அனுப்பு.

கையைக் கட்டிக்கொண்டு நில்.

அம்மா


மார்ச் 14

அம்மா,

ஸ்பானரை முதலாளி பீரோவுல வெச்சுப் பூட்டிட்டோம். சாவி ஃபிட்டர் அண்ணன் இடுப்புல. கேட்டா, "விரலைக் காட்டவா?"ங்கிறாரு.

முந்நூத்திப் பன்னெண்டாவது மணி. மூணாவது போல்ட் லூசு.

தொடல.

துறுதுறு