சோதனையில் அம்மாவின் பெயர்

புனே,
செப்டம்பர் 2008

அன்புள்ள நைனாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் குறைந்தனவா?

"அங்க இன்னாதான் பண்ணிக்கினு கீற?" என்று போனில் கேட்டீர்களே. இணையப் பக்கங்களில் ஆங்கில எழுத்துகளை அடித்துத் தமிழ் டைப் செய்ய உதவும், ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் எழுதிய சின்ன நிரல் ஒன்று உண்டு. யாரும் இலவசமாக எடுத்துத் திருத்தலாம். ஆபீஸ் முடிந்ததும் அதற்குச் சோதனைகள் எழுதுகிறேன். ஒரு சொல்லைக் கொடுத்தால், எழுத்துகள் சரியாக வருகின்றனவா என்று சோதனை சொல்லிவிடும்.

அம்மாவின் பெயரைக் கொடுத்தேன். செங்கேணி என்பது 'சென்கேணி' என்று வந்தது. அதைத் திருத்தினால் வேறு சொற்கள் கெட்டன. வாரம் முழுக்க முயன்றும் முடியவில்லை. நிரலை உருவாக்கியவரிடம் சொன்னேன்.

"நாளைக்குப் புதுப் பதிப்பு வெளியிடணும். அப்படி யாரும்மா பேர் வைக்கிறாங்க? அந்தச் சோதனையை எடுத்துடுங்க" என்றார்.

என் அம்மா பெயர் என்று சொல்ல வாய் வரவில்லை. எடுத்துவிட்டேன். இப்போது எல்லாச் சோதனைகளும் தேறிவிட்டதாகப் பச்சை காட்டுகிறது.

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதீர்கள். கொஞ்சம் கருவாடு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போனை அம்மாவிடமும் கொடுங்கள். அம்மா எதையாவது பேசினால் போதும்.

ஆபீஸ் பஸ் ஹாரன் அடிக்கிறது.

உங்கள் மகள்,
தேவகி